6.0 பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஹெட் ஸ்டட் மாற்றம்: ஒரு வேலைக் குறிப்பு

ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பில் 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினைப் பற்றி அமெரிக்க டீசல் பட்டறைகளில் பேச்செடுத்தால், மூன்றாவது வாக்கியத்திற்குள் ஹெட் ஸ்டட் என்ற சொல் வந்துவிடும். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்க, போல்டுக்குப் பதிலாகப் போடும் இரு முனையிலும் மரையுள்ள தண்டு அது; அதன் மேல் நட் வரும். நேவிஸ்டார் நிறுவனம் விடி365 என்ற பெயரில் வடிவமைத்து ஃபோர்டுக்குக் கொடுத்த வி8 எஞ்சின் இது. கொள்ளளவு 365 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். டெக்சாஸில் நான் வைத்திருக்கும் வண்டி 2006ஆம் ஆண்டு மாடல், டிரெய்லர் இழுப்பதற்காகவே வாங்கியது. அதன் இரண்டு ஹெட்களையும் இறக்கி, கம்பெனி போல்டுகளுக்குப் பதிலாக ஏ.ஆர்.பி. என்ற நிறுவனத்தின் ஸ்டட் போட்ட வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த எஞ்சினில் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போவதற்கான காரணம் பெரும்பாலும் ஹெட்டில் தொடங்குவதில்லை. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்டட்டை மட்டும் மாற்றுபவர், அடுத்த முறை உடையப்போவது எது என்பதை மட்டுமே மாற்றுகிறார்.

ஒவ்வொரு ஹெட்டையும் பிளாக்கோடு சேர்த்துப் பிடிப்பவை பத்து 14 மில்லிமீட்டர் போல்டுகளும், மேல் ஓரத்தில் வரிசையாக இருக்கும் ஐந்து சிறிய 8 மில்லிமீட்டர் போல்டுகளும். நடுவில் உள்ள பெரிய போல்டுகள் அடுத்தடுத்த இரு சிலிண்டர்களுக்கும் பொதுவானவை. ஆகவே கணக்குப் பார்த்தால் ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கே பெரிய போல்டுகள் நிற்கின்றன. முந்தைய 7.3 லிட்டர் எஞ்சினில் ஆறு இருந்தன. பின்னர் வந்த 6.4 லிட்டர் எஞ்சினில் விட்டத்தை 16 மில்லிமீட்டராக உயர்த்தினார்கள். இடையில் வந்த 6.0 தான் மெலிந்த பிடிமானத்தோடு அதிக டர்போ அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, கம்பெனி போல்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படும் வகையைச் சேர்ந்தவை. இறுக்கும்போதே அவற்றை நிரந்தரமாக நீளும் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். எல்லாப் போல்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இழுபட்டு நிற்கும் என்பது அதன் நன்மை; ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் வரம்பை மீறி ஒருமுறை எகிறினால், அந்தப் போல்ட் இன்னும் கொஞ்சம் நீண்டு, நீண்டபடியே நின்றுவிடும். அதற்குப் பிறகு ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் விசை பழைய நிலைக்குத் திரும்பாது.

ஸ்டட் இதில் இரண்டு வகையில் வேறுபடுகிறது. முதலாவது, நான் வாங்கிய ஸ்டட்கள் ஏ.ஆர்.பி. 2000 என்ற உலோகக் கலவையால் ஆனவை. சதுர அங்குலத்துக்கு 2,20,000 பவுண்டு வரை இழுவிசை தாங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. மீள்தன்மை எல்லைக்குள்ளேயே இறுக்கப்படுவதால், அழுத்தம் எகிறி இறங்கினாலும் ஸ்டட் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். இரண்டாவது காரணம் அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. போல்டை இறுக்கும்போது அது பிளாக்கின் மரைக்குள் உரசிக்கொண்டே சுழல வேண்டும். அதனால் இழுவிசையோடு முறுக்கத்தையும் அதுவே தாங்குகிறது. ஸ்டட்டோ பிளாக்கில் அசையாமல் நிற்கிறது. மேலே நட் மட்டும் சுழலுவதால் ஸ்டட்டுக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் நேர் இழுவிசை. பழைய வார்ப்பிரும்பு பிளாக்கின் மரைகளும் தேயாமல் பிழைக்கின்றன.

இனி காரணத்துக்கு வருகிறேன். இந்த எஞ்சினில் கூலன்ட்டைக் கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர், இன்டேக் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் அடியில், வி வடிவப் பள்ளத்தில் புதைந்து கிடக்கிறது. கூலன்ட் அதன் மெல்லிய வழிகளைக் கடந்துதான் ஈ.ஜி.ஆர். கூலருக்குப் போகிறது; எஞ்சினுக்குள் திரும்பவும் அனுப்பப்படும் புகையைக் குளிர்விப்பது இந்தக் கூலர். வார்ப்பின்போது உள்ளே தங்கிய மணல், பழைய தங்க நிறக் கூலன்ட்டில் இருந்து பிரிந்து கூழாகிப்போன சிலிக்கேட் ஆகியவை ஆயில் கூலரை மெல்ல அடைத்துவிடுகின்றன. தண்ணீர் போதாத ஈ.ஜி.ஆர். கூலர் கொதித்து, ஒரு நாள் உள்ளே வெடிக்கிறது. அதிலிருந்து கசியும் கூலன்ட், காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் நுழைந்து ஆவியாகும்போது அழுத்தம் எகிறுகிறது, நீண்டு நிற்கும் போல்டுகள் மேலும் நீளுகின்றன, ஹெட் மயிரிழை அளவு தூக்கிக்கொள்கிறது, கேஸ்கட் போகிறது. வண்டியை டியூன் செய்து கூடுதல் சக்தி ஏற்றியவர்களுக்கு இந்த வரிசையின் முதல் பாதி தேவையே இல்லை, நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுவார்கள்.

என் வண்டியில் அறிகுறிகள் இந்த வரிசைப்படியே வந்தன. கம்ப்யூட்டர் போர்ட்டில் செருகும் சிறிய அளவிக்கருவியில் ஆயில் வெப்பத்தையும் கூலன்ட் வெப்பத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இந்த எஞ்சின் வைத்திருப்பவர்களின் அன்றாடப் பழக்கம். சமமான சாலையில் நெடுஞ்சாலை வேகத்தில் சீராகப் போகும்போது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஆயில் கூலர் அடைபட்டிருக்கிறது என்று பொருள். எனக்கு அது கோடைக்காலத்தில் 30ஐ நெருங்கியது. அதன் பிறகு கூலன்ட் பாட்டிலின் மூடியைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு படியத் தொடங்கியது. மூடி 16 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 16 பவுண்டு) அழுத்தத்தில் திறக்கும்படி அமைந்தது. பாட்டிலுக்குப் போகும் சிறிய குழாயில் ஒரு பிரஷர் கேஜை இணைத்து, டிரெய்லரோடு ஒரு மேம்பாலத்தில் ஏற்றியபோது முள் அந்த அளவைத் தொட்டு அங்கேயே நின்றது. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியின் மேல் ரேடியேட்டர் ஹோஸ், காலையில் பிசைந்து பார்த்தபோது இன்னும் விறைப்பாகவே இருந்தது. சிலிண்டரின் வாயு கூலன்ட்டுக்குள் போகிறது என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

வேலையைத் தொடங்குமுன் எடுக்க வேண்டிய முடிவு, கேபினைத் தூக்குவதா வேண்டாமா என்பது. இரண்டு தூண் லிஃப்ட் உள்ள பட்டறைகளில் கேபினைச் சட்டத்திலிருந்து கழற்றி மேலே தூக்கிவிடுவார்கள். எஞ்சின் முழுவதும் திறந்த வெளியில் நிற்கும், நின்றபடியே வேலை பார்க்கலாம். வீட்டுக் கராஜில் அதற்கு வழியில்லை. கேபின் இருக்கும்போதே செய்வதென்றால், இரு ஃபெண்டர்களுக்கும் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்துத்தான் பின்பக்கச் சிலிண்டர்களை அடைய முடியும். முதுகு பலவீனமானவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். டாட்ஜ் பிக்கப்களில் வந்த கம்மின்ஸ் 5.9 எஞ்சின் வைத்திருப்பவர்கள் பலர் ஹெட்டையே இறக்காமல், ஒரு போல்டைக் கழற்றி ஒரு ஸ்டட்டைப் போட்டு, அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். 6.0 எஞ்சினிலும் அப்படிச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேஸ்கட் ஏற்கெனவே போன எஞ்சினில் அந்தக் கேள்விக்கே இடமில்லை; போகாத எஞ்சினிலும், பிளாக்கின் துளைகளைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்யாமல் ஸ்டட் போடுவதை நான் ஏற்கவில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது.

பிரித்தெடுக்கும் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கூலன்ட்டும் ஆயிலும் இறக்கப்பட்டு, ஃபேன், ரேடியேட்டர், இன்டர்கூலர் குழாய்கள், டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு என்று மேலிருந்து கீழாக எல்லாம் வெளியே வந்தன. வால்வ் கவரைத் திறந்த பின் இஞ்செக்டர்களின் மின் இணைப்பிகளை நெம்பக் கூடாது. ராக்கர் பெட்டியின் சுவரில் பொருந்தியிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் உடைந்தால் விலை கூடிய பொருள் வீணாகும். 12 முனை 19 மில்லிமீட்டர் சாக்கெட்டை வெளிப்பக்கம் வைத்து நேராக அழுத்தினால், இறுக்கிப் பிடித்திருக்கும் காதுகள் மடங்கி இணைப்பி உள்ளே நழுவிவிடும். ராக்கர்களையும் புஷ்ராடுகளையும் எடுத்த வரிசையிலேயே, துளையிட்ட அட்டையில் எண் எழுதிக் குத்தி வைத்தேன். ராக்கர்களைத் தாங்கும் பெட்டியும் ஹெட் போல்டுகளால்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதால், அந்தப் பத்துப் போல்டுகளும் கழன்றதும் பெட்டி தனியாகக் கையில் வந்துவிடும். போல்டுகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு பலத்துக்கு இளகியது என்பதைக் கவனித்துக்கொண்டே வந்தேன். பெரும்பாலானவை நீண்ட கைப்பிடி போட்டு இழுத்தபோது சத்தத்தோடு இளகின. வலப்பக்கத்துப் பின் சிலிண்டர்களை ஒட்டிய இரண்டு மட்டும் அந்தச் சத்தமில்லாமல், சாதாரண ராட்செட்டுக்கே வழிவிட்டன.

ஹெட்டைக் கையால் தூக்க நினைக்கக் கூடாது. வார்ப்பிரும்பு, பிடிக்க வாகான இடமும் இல்லை. எஞ்சின் கிரேனால் தூக்கிப் பலகையில் கவிழ்த்த பின் கேஸ்கட் தன் கதையைத் தானே சொன்னது. இளகிக் கிடந்த அந்தப் போல்டுகளுக்கு நடுவே, சிலிண்டரைச் சுற்றிய வளையத்திலிருந்து கூலன்ட் துளை வரை விரல் அகலத்துக்குக் கருப்புப் புகைத்தடம் ஓடியிருந்தது. மற்ற இடங்களில் கேஸ்கட்டின் பூச்சு புதிதுபோல் இருந்தது.

இரண்டு ஹெட்களும் எஞ்சின் லேத் பட்டறைக்குப் போயின. முதலில் வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை, அதன் பிறகு தளம் மட்டமாக இருக்கிறதா என்ற சோதனை, அதன் பிறகே வால்வ் வேலை என்று வரிசையையும் சொல்லி அனுப்பினேன். வெடித்த ஹெட்டுக்கு வால்வ் வேலை செய்து காசைக் கரைப்பதில் பொருளில்லை. 6.0 ஹெட்டை இழைப்பதை ஃபோர்டு ஆதரிக்கவில்லை என்றாலும், தேர்ந்த பட்டறைகள் மிகக் குறைந்த அளவு இழைத்துத் தருகின்றன. மாற்று ஹெட் வாங்க நேர்ந்தால், ஹெட்டைப் பிளாக்கின் மேல் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்னின் அளவைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்: முந்தைய எஞ்சின்களில் 18 மில்லிமீட்டர், பிந்தையவற்றில் 20 மில்லிமீட்டர். கேஸ்கட்டும் அதே அளவுக்குப் பொருந்த வேண்டும். வண்டியின் ஆண்டை மட்டும் நம்பாமல் பிளாக்கில் இருக்கும் பின்னைக் காலிபர் வைத்து அளப்பதே பாதுகாப்பு. என்னுடையது 20.

ஹெட்கள் பட்டறையில் இருந்த நாட்களில் பிளாக்கின் மேல்தளத்தில்தான் அதிக நேரம் போனது, போக வேண்டியதும் அங்கேதான். கேஸ்கட் ஒட்டுகளைச் சுரண்டச் சுழலும் நார் வட்டைப் பயன்படுத்துவது வேகமான வழி. ஆனால் அதிலிருந்து உதிரும் உராய்வுத் தூள் ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும், தளத்திலும் கண்ணுக்குத் தெரியாத குழி விழும். சவர பிளேடும் பிரேக் கிளீனரும் பொறுமையும் போதும். சுத்தம் செய்த பின் ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கிலும் குறுக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, ஃபீலர் கேஜின் 0.002 அங்குலத் தகட்டை நுழைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. நுழைந்திருந்தால் எஞ்சினையே வெளியே எடுத்துப் பிளாக்கை இழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பல உலோகத் தகடுகளை அடுக்கிச் செய்த கேஸ்கட், பழைய நார் கேஸ்கட்டைப் போல மேடு பள்ளத்தை நிரப்பிக்கொடுக்காது.

அடுத்தது போல்ட் துளைகள். இவை அடி மூடிய துளைகள். ஹெட்டைத் தூக்கும்போது வழியும் கூலன்ட்டும் ஆயிலும் நேராக இவற்றுக்குள்தான் இறங்குகின்றன. அடியில் ஒரு கரண்டி திரவம் இருந்தாலும், மேலிருந்து ஸ்டட்டைத் திருகும்போது அது போக இடமின்றி அழுத்தப்படும். ஸ்டட் அடிவரை போகாது, மோசமான நிலையில் பிளாக்கே வெடிக்கும். மெல்லிய குழாய் பொருத்திய வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, மரை துப்புரவுக்கென்றே விற்கும் சேசரைக் கையால் இறக்கி ஏற்றி, பிரேக் கிளீனர் அடித்து, காற்று ஊதி, டிஷ்யூ சுற்றிய குச்சியை அடிவரை விட்டுப் பார்த்தேன். குச்சி உலர்ந்து வரும் வரை இதே வேலை. இதற்கு, புதிதாக மரை வெட்டும் சாதாரண டாப்பைப் பயன்படுத்தக் கூடாது. சேசர் மரையின் அழுக்கை மட்டும் எடுக்கும், டாப் மரையின் உலோகத்தையும் சீவிவிடும். சுத்தமான துளையில் ஸ்டட் விரலாலேயே அடிவரை சுழன்று இறங்க வேண்டும். எங்காவது தயங்கினால் அந்தத் துளைக்கு மறுபடியும் அதே துப்புரவு.

ஸ்டட்களை முன்கூட்டியே பிளாக்கில் நட்டுவிட்டு, அதன் மேல் ஹெட்டை இறக்குவது கேபின் தூக்கிய வண்டியில் சாத்தியம். கேபின் இருக்கும்போது அவ்வளவு உயரத்துக்கு ஹெட்டைத் தூக்க இடமில்லை. ஆகவே டவல் பின்களின் மேல் கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை மெதுவாக இறக்கிப் பின்னில் உட்காரவைத்து, ராக்கர் பெட்டியை மேலே பொருத்தி, அதற்குப் பிறகே ஸ்டட்களைத் துளைவழி விட்டுக் கையால் திருக வேண்டும். வலப்பக்கத்தில் பின் மூலையின் கீழ் ஸ்டட்டுக்கு இதுவும் நடக்காது; ஏர் கண்டிஷனர் பெட்டி நேர் மேலே துருத்திக்கொண்டு நிற்பதால் நீளமான ஸ்டட்டை மேலிருந்து நுழைக்க முடியாது. அதை ஹெட் வெளியே இருக்கும்போதே துளைக்குள் விட்டு, அடி முனை ஹெட்டின் தளத்துக்குக் கீழே நீட்டாதபடி மேல்பக்கம் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றித் தொங்கவிட வேண்டும். ஹெட் உட்கார்ந்த பின் ரப்பர் பேண்டை அறுத்தால் ஸ்டட் தானாக இறங்கி மரையைத் தொடும். அறுத்த துண்டு முழுவதும் கைக்கு வந்ததா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. எல்லா ஸ்டட்களும் அலன் கீயால், கை இறுக்கத்துக்கு மட்டுமே. பிளாக்கில் அவற்றை முறுக்கி இறுக்கக் கூடாது.

நட்டில் நாம் செலுத்தும் முறுக்கு விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வுக்கே போகிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் இழுவிசை பெரிதாக மாறிவிடும் என்பதால், கிட்டோடு வரும் அல்ட்ரா டார்க் என்ற மசகைத் தவிர வேறெதையும் தடவக் கூடாது. எஞ்சின் ஆயிலைத் தடவிவிட்டு அதே 210 அடி-பவுண்டு வைத்தால், டார்க் ரென்ச் சொடுக்கும், ஆனால் ஹெட்டின் மேல் போதிய பிடி விழுந்திருக்காது. மேல் மரை, வாஷர், நட்டின் அடிப்பரப்பு ஆகியவற்றில் தாராளமாகப் பூசி, நடுவிலிருந்து வெளியே விரியும் வரிசையில் முதல் சுற்றில் 70, அடுத்ததில் 140, கடைசியில் 210 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 285 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன். பலகையில் படுத்துக்கொண்டு 210ஐ எட்டுவது எளிதல்ல. அரை அங்குல டிரைவ் கொண்ட நீளமான ரென்ச்சும், மறுபக்கத்திலிருந்து சாக்கெட்டை நேராகப் பிடித்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். இழுப்பு ஒரே சீராக, நடுவில் நிற்காமல் இருக்க வேண்டும். நடுவில் நின்று மறுபடி தொடங்கினால், நின்ற இடத்தின் கூடுதல் உராய்வை வெல்வதற்காக ரென்ச் முன்கூட்டியே சொடுக்கிவிடும். அப்படி நின்ற நட்டைக் கால் சுற்று இளக்கி ஒரே மூச்சில் மறுபடி இழுப்பதே முறை. வளையும் மூட்டு சாக்கெட்டை இந்த வேலைக்குள் விடவே கூடாது. மேல் வரிசையின் சிறிய போல்டுகளைப் பெரியவை முடிந்த பின் கம்பெனி அளவுப்படி இறுக்கினேன்.

இவ்வளவு பிரித்த பிறகு மாற்றாமல் விட்டால் வருந்த வேண்டியவை சில உண்டு. இஞ்செக்டர்களை இயக்கும் ஆயிலைத் தரும் உயரழுத்த பம்ப்பின் பின்னே இருக்கும் எஸ்.டி.சி. என்ற செருகு இணைப்பு, 2005 முதல் வந்த எஞ்சின்களில் இளகிப்போவதற்குப் பேர்போனது. அதற்கு ஒற்றைத் துண்டு மாற்று வந்திருக்கிறது. இஞ்செக்டர்களுக்கு அந்த ஆயிலைப் பகிரும் ரெயிலுக்குப் போகும் ஸ்டாண்ட்பைப் குழாய்களையும், டம்மி பிளக் என்ற அடைப்புகளையும், ஓ-ரிங்குக்குப் பின்தாங்கு வளையம் கொண்ட புதிய வகையாக மாற்றினேன். இஞ்செக்டர்களுக்குப் புதிய ஓ-ரிங், செப்பு வாஷர், பிடிபோல்டுக்கு 24 அடி-பவுண்டு.

மூல காரணமான ஆயில் கூலரை நான் கழுவிப் பார்க்கவே இல்லை, புதிதாக மாற்றினேன். மாற்றுமுன் கூலன்ட் வழிகளை இரசாயனத்தால் கழுவி, குழாய்த் தண்ணீர் வைக்காமல் காய்ச்சி வடித்த நீரால் தெளிந்து வரும் வரை அலச வேண்டும். அழுக்கு அமைப்பில் புதுக் கூலரை வைத்தால் அடுத்த கோடையில் அதுவும் அடைபடும். ஈ.ஜி.ஆர். கூலரையே கழற்றி எறிந்துவிடச் சொல்பவர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. சாலையில் ஓடும் வண்டியில் அது கிளீன் ஏர் ஆக்ட் சட்டத்துக்கு முரணானது, ஆகவே கனமான குழாய்களால் செய்த மேம்பட்ட கூலரைப் பொருத்தினேன். தங்க நிறக் கூலன்ட்டுக்குப் பதிலாக, சிலிக்கேட் இல்லாத, கேட்டர்பில்லரின் இ.சி.-1 தரத்துக்கு ஏற்ற நீண்ட ஆயுள் கூலன்ட். ஹீட்டர் குழாயில் ஒரு கூலன்ட் ஃபில்டரையும் சேர்த்தேன். மிச்சமிருக்கும் மணல் அதில் விழட்டும்.

எல்லாம் பூட்டி, 15 குவார்ட் ஆயில் ஊற்றிய பிறகும் இந்த எஞ்சின் சாவியைத் திருப்பியதும் கிளம்பாது. இஞ்செக்டர்களை இயக்குவதே உயரழுத்த ஆயில் என்பதால், அந்த அமைப்பு காற்றை வெளியேற்றி 500 பி.எஸ்.ஐ.யைத் தொட்டால்தான் முதல் வெடிப்பு நிகழும். முதலில், குளிரில் கிளம்புவதற்காகச் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகள் கழற்றிய நிலையில், இஞ்செக்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் போகாமல் நிறுத்திவிட்டுச் சுழற்றினேன். சிலிண்டருக்குள் சிந்திய ஆயிலும் டீசலும் அந்தத் துளைகள் வழியே பீய்ச்சி வெளியே வந்தன. பிளக்குகளோடு சுழற்றியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். அதன் பின் பேட்டரி சார்ஜரை மாட்டிவிட்டு, ஸ்டார்ட்டர் ஆறுவதற்கு இடைவெளி விட்டு விட்டுச் சுழற்றியதில் அழுத்தம் மெல்ல ஏறி, வெள்ளைப் புகையோடு எஞ்சின் பிடித்தது. ஆயிலில் காற்று இருக்கும்வரை சில இஞ்செக்டர்கள் தட்டும், எஞ்சின் அதிரும். சில மைல்கள் ஓட்டிய பின் அது அடங்கும். இதைக் கேட்டுப் பயந்து மறுபடி பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

சூடேற்றி ஆறவைத்த பின் நட்களை மறுபடி இறுக்க வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. முதல் இழுப்பிலேயே சீரான இழுவிசை கிடைக்கும் என்பதுதான் அல்ட்ரா டார்க் மசகைப் பற்றி ஏ.ஆர்.பி. சொல்வது; உலோகத் தகட்டுக் கேஸ்கட்டும் நசுங்கி அமரும் வகை இல்லை. மறு இறுக்கத்துக்கு வால்வ் கவர்களை மீண்டும் திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்து, நான் அதைச் செய்யவில்லை. பந்தயத்துக்கு டியூன் செய்பவர்கள் வேறு முடிவு எடுக்கலாம்.

அதே டிரெய்லரோடு, அதே மேம்பாலத்தில், அதே வெயிலில் ஏற்றியபோது பிரஷர் கேஜ் 9 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவில்லை. நெடுஞ்சாலையில் ஆயிலுக்கும் கூலன்ட்டுக்கும் இடையிலான வித்தியாசம் 6 முதல் 8 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கிறது. கூலன்ட் ஃபில்டரை முதல் முறை வெட்டித் திறந்தபோது அடியில் மெல்லிய கருமணல் படிந்திருந்தது. அடுத்த ஃபில்டரில் அது பாதிக்கும் குறைவு. வித்தியாசம் மறுபடியும் 12ஐ நெருங்கினால், டிரெய்லரை அவிழ்த்து வைத்துவிட்டு ஆயில் கூலரைத்தான் முதலில் திறப்பேன்.